எந்தத் துவாய் நல்லது?
பருத்தியா, மைக்ரோபைபரா? – ஓர் அக்காவின் கேள்விக்குத் தேடிய பதில்



ஒரு துவாயைப் பற்றி ஒரு கட்டுரையே எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கேள்வி.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணிபுரியும் ஒரு கிராமத்தில் மாதந்தோறும் பெண்கள் கூட்டம் நடைபெறும். கணவரை இழந்தவர்கள், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், தாமே காயப்பட்டவர்கள் என இருபது பேருக்கு மேல் வருவார்கள். சேமிப்பு, வாழ்வாதாரம், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் வழக்கமாகப் பேச்சு இருக்கும். சென்ற வருடம் வைகாசி மாதக் கூட்டத்தில், கடைசி வரிசையில் இருந்த ஓர் அக்கா கையை உயர்த்தினார்.

“தங்கச்சி, இந்த மைக்ரோபைபர் துவாய் நல்லதோ, பழைய பருத்தித் துவாய் நல்லதோ? ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. இறுதி யுத்தத்தின்போது ஷெல் வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். செயற்கைக் கால் அணிந்து கோழி வளர்த்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். ஊருக்குள் வானில் வந்த ஒரு வியாபாரியிடம் ஆறு மைக்ரோபைபர் துவாய்கள் கொண்ட ஒரு கட்டை அவர் தவணைக் காசுக்கு வாங்கியிருந்தார். “பாரமில்லை, தோய்க்கிறது சுகம், ஒரு மணித்தியாலத்தில காய்ந்திடும்” என்று வியாபாரி சொன்னாராம். வாங்கிய ஒரு மாதத்துக்குள் கால் முனையின் தோல் சிவந்து எரியத் தொடங்கிவிட்டது. நான்கு நாட்களாகச் செயற்கைக் காலைப் போட முடியவில்லை. அன்றைக்கு இரண்டு கம்புகளை ஊன்றித்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

“காசும் போகுது, காலும் போகுது” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது நுகர்வோர் தெரிவு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஒரு துவாயை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டபோது வாயடைத்து நின்றேன். “அடுத்த கூட்டத்துக்குள்ளே அறிந்து வந்து சொல்கிறேன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். அப்படி அறிந்தவற்றையும் நானே வீட்டில் செய்து பார்த்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு துவாய், ஐந்து பேர்

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பழைய நினைவு ஒன்று வந்தது. 2009 இல் நாங்கள் ஒரு நலன்புரி முகாமில் இருந்தோம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா, நான், தங்கைகள் இருவர், தம்பி என ஐந்து பேருக்கும் ஒரே ஒரு துவாய்தான். அம்மா அதன் நான்கு மூலைகளிலும் நான்கு நிற நூல்களால் அடையாளம் தைத்துவிட்டார். சிவப்பு எனக்கு, பச்சை பெரிய தங்கைக்கு, நீலம் சின்னவளுக்கு, மஞ்சள் தம்பிக்கு. அம்மாவுக்கு மூலை இல்லை. அவர் தன் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார்.

மூலைகளைப் பிரித்தாலும் ஈரம் பிரிந்து நிற்பதில்லை. சின்னவளுக்கு வந்த சிரங்கு ஒரு மாதத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் வந்தது. நெருக்கமாகப் படுத்துறங்கியதுதான் அதற்கு முதற் காரணம். ஆனால் துவாயும் பொதுவாகத்தான் இருந்தது. சிரங்கு, படர்தாமரை, கண்நோய் ஆகியவை ஒருவர் துடைத்த துவாயை மற்றவர் பாவிப்பதாலும் தொற்றக்கூடியவை.

ஆகவே பருத்தியா மைக்ரோபைபரா என்று பார்க்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணியாக இருந்தாலும் வீட்டில் ஆளுக்கொரு துவாய் இருக்க வேண்டும். ஒரு விலையுயர்ந்த பெரிய துவாயை நான்கு பேர் பாவிப்பதிலும், நான்கு மெல்லிய துவாய்களை ஆளுக்கொன்றாகப் பாவிப்பது எவ்வளவோ மேல்.

இரண்டும் எதனால் ஆனவை?

துவாய் என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து எமது தமிழுக்கு வந்தது. சொல் வருவதற்கு முன்பே துணி இருந்தது. தோளில் போடும் துண்டும் சால்வையும் பருத்தியில் நெய்தவைதான்.

பருத்தி இழை செடியிலிருந்து கிடைப்பது. அது தண்ணீரைத் தனக்குள்ளே குடித்து வீங்கும். அதனால்தான் நனைந்த பருத்தித் துவாய் அவ்வளவு பாரமாக இருக்கிறது, காயவும் நேரமெடுக்கிறது. நனையும்போது பருத்தி இழையின் பலம் கூடும் என்பது பலருக்குத் தெரியாத விடயம். கல்லில் அடித்துத் தோய்த்தாலும், கொதிதண்ணீரில் போட்டாலும் அது தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைக்ரோபைபர் என்பதைத் தமிழில் நுண்ணிழை எனலாம். இது பொலியெஸ்ரர், நைலோன் ஆகிய பிளாஸ்ரிக் வகைகளிலிருந்து இழுக்கப்படும் நூல். 9,000 மீற்றர் நீளமான ஓர் இழை ஒரு கிராமிலும் குறைவான நிறையுடையதாக இருந்தால் அதை நுண்ணிழை என்பார்கள். 1970 இல் ஜப்பானில் டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒக்கமோட்டோ என்ற விஞ்ஞானி இத்தகைய இழையைக் கொண்டு செயற்கைத் தோல் போன்ற ஒரு துணியை உருவாக்கினார். துடைக்கும் துணிகளும் துவாய்களும் பிறகு வந்தவை. இவற்றில் பலவற்றின் இழை தோடம்பழச் சுளைகள் போலப் பல கீலங்களாகப் பிளக்கப்பட்டிருக்கும்.

பொலியெஸ்ரர் இழை தனக்குள்ளே தண்ணீரை எடுப்பதில்லை என்றே சொல்லலாம். அப்படியானால் மைக்ரோபைபர் துவாய் எப்படி ஈரத்தை உறிஞ்சுகிறது? இழைகளுக்கு இடையில் உள்ள ஆயிரமாயிரம் நுண்ணிய இடைவெளிகளில் தண்ணீர் ஏறி நிற்கிறது. பிழிந்தால் அதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். விரைவாகக் காய்வதன் இரகசியமும் இதுதான். அதே கீலங்கள் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துக்கொள்ளும்.

கோடையிலும் மாரியிலும்

ஒரு மொத்தப் பருத்தித் துவாய், ஒரு மெல்லிய பருத்தித் துவாய், ஒரு மைக்ரோபைபர் துவாய் ஆகிய மூன்றையும் வைத்து என் வீட்டிலேயே பார்த்தேன். மூன்றையும் ஒன்றாகத் தோய்த்துப் பிழிந்து ஒரே கொடியில் போட்டேன்.

ஆனி மாத வெயிலில் மைக்ரோபைபர் முதலில் காய்ந்தது உண்மைதான். ஆனால் மெல்லிய பருத்தித் துவாய் கொஞ்ச நேரத்தில் அதைப் பிடித்துவிட்டது. மொத்தத் துவாயும் பின்னேரத்துக்குள் காய்ந்தது. அடுத்தநாட் காலையில் குளிக்கும்போது மூன்றுமே தயாராக இருந்தன. எமது வெயில் காலத்தில் “விரைவாகக் காயும்” என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்று இதிலிருந்து விளங்கியது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை மாறியது. தாழ்வாரத்துக் கொடியில் மொத்தத் துவாய் இரண்டாம் நாளும் ஈரமாக இருந்தது. மூன்றாம் நாள் புளித்த மணம் வந்தது. மெல்லிய பருத்தி அடுத்தநாள் மதியம் காய்ந்தது. மைக்ரோபைபர் ஒரே இரவில் காய்ந்துவிட்டது. ஈரமாகவே கிடக்கும் துவாயில் பூஞ்சணமும் கிருமியும் பெருகும். மழைக்காலத்தில் சிறிய வீட்டில் பலருடைய உடுப்புக் காய வேண்டியவர்களுக்கு மைக்ரோபைபர் உண்மையான உதவிதான்.

உடம்புக்கு எது?

தோலுக்கு நான் பருத்தியையே சொல்வேன். அதிலும் பலமுறை தோய்த்து மிருதுவான பருத்தி. மைக்ரோபைபரின் நுண்ணிய கீலங்கள் வெடித்த குதிக்காலிலும், வேலை செய்து சொரசொரத்த கையிலும் கொழுவி இழுப்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். எல்லா மைக்ரோபைபரும் ஒரே மாதிரியல்ல. சில மிக மிருதுவாக இருக்கும். இருந்தாலும் பச்சைக் குழந்தைகள், தோல் மெலிந்த முதியவர்கள், எரிகாயத் தழும்பும் செல் துண்டுக் காயத் தழும்பும் உள்ளவர்கள் பருத்தியைப் பாவிப்பதே பாதுகாப்பு. குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்த எமது அம்மம்மாமாருக்கு இது தெரிந்தே இருந்தது.

அந்த அக்காவின் காலைப் பற்றி ஒரு மருத்துவத் தாதியிடம் கேட்டேன். அவர் துவாயை மட்டும் குற்றம் சொல்லவில்லை. “எந்தத் துவாய் எண்டதுக்கு முதல், எப்படித் துடைக்கிறா எண்டு கேளுங்கோ” என்றார். அவர் விளங்கப்படுத்தியது இதுதான்.

துண்டிக்கப்பட்ட காலையோ கையையோ தினமும் மென்மையான சவர்க்காரம் போட்டுக் கழுவி, சவர்க்காரம் மிஞ்சாமல் அலச வேண்டும். இதை இரவில் செய்வது நல்லது. காலையில் கழுவி உடனே செயற்கைக் காலைப் போட்டால் ஈரத் தோல் உள்ளே உரசும். துடைக்கும்போது தேய்க்கக் கூடாது. மிருதுவான துவாயால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மடிப்புகளிலும் தழும்பின் ஓரத்திலும் ஈரம் நிற்கக் கூடாது. பிறகு சிறிது நேரம் காற்றுப்பட விட வேண்டும். உள்ளே போடும் காலுறையையும் நாள்தோறும் தோய்க்க வேண்டும். கண்ணாடி ஒன்றைப் பிடித்துக் கால் முனையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிவப்போ கொப்புளமோ புண்ணோ இருந்தால் செயற்கைக் காலைக் கழற்றிவைத்துவிட்டு சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும்.

நீரிழிவு உள்ள அம்மாமாருக்கும் இது பொருந்தும். கால்விரல் இடுக்குகளை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

தலைமயிருக்கு மட்டும் நான் மைக்ரோபைபருக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பேன். நீளமான தலைமயிரில் அதைச் சுற்றிக்கொண்டால் ஈரத்தை விரைவாக இழுத்துவிடும். பாரமும் இல்லை. மழைக்காலத்தில் முழுகிவிட்டு வேலைக்கு ஓடுபவர்களுக்கு இது வசதி. ஆனால் தேங்காயெண்ணெய் வைத்த தலையில் பாவித்தால் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு மணக்கத் தொடங்கும். முழுகிய தலைக்கு மட்டும் பாவியுங்கள்.

வீட்டு வேலைக்கு எது?

மேசை, யன்னல் கண்ணாடி, அலுமாரி, மூக்குக் கண்ணாடி, தையல் மெஷின் ஆகியவற்றைத் துடைக்க மைக்ரோபைபரை மிஞ்ச முடியாது. தூசியை இடம் மாற்றாமல் தானே பிடித்துக்கொள்கிறது. பஞ்சு விடுவதில்லை. பல இடங்களில் சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாலே போதும். 2022 பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரத்தின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் மறக்கவில்லை. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் குறைந்த தண்ணீரில் அலசி எடுக்கக்கூடியது என்பதும் பெரிய விடயம்.

ஆனால் குசினியில் ஒரு எச்சரிக்கை. அடுப்பிலிருந்து சட்டி இறக்க மைக்ரோபைபர் துணியை ஒருபோதும் பிடிக்காதீர்கள். அது பிளாஸ்ரிக். கடும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்புக்குப் பக்கத்தில் கொடியிலும் போடாதீர்கள். சட்டி இறக்குவதற்குத் தடித்த, உலர்ந்த பருத்தித் துணியே வேண்டும். ஈரமாக இருந்தால் பருத்தியும் சூட்டைக் கடத்தும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்

“பருத்தித் துவாய் வாங்கிக் கொஞ்ச நாளில் பலகை மாதிரி விறைக்கிறது” என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் துவாயில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் தோண்டப்பட்டவை. வன்னியிலும் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. கடின நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து ஒரு வெள்ளைப் படிவை உண்டாக்கும். அந்தப் படிவு நூல்களுக்கிடையில் தங்கித் துவாயை விறைக்கச் செய்யும். ஈரத்தை உறிஞ்சவும் விடாது.

இதற்குச் சில வழிகள் உண்டு. கட்டிச் சவர்க்காரத்தைக் குறைத்து, சலவைத் தூளை அளவாகப் பாவியுங்கள். தூள் கடின நீரில் இந்தப் படிவை அவ்வளவாக உண்டாக்காது. இரண்டு முறையாவது நன்றாக அலசுங்கள். மாதத்தில் ஒரு தடவை, கடைசியாக அலசும் வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு ஊறவைத்தால் படிவு கரையும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் துவாய் அலசுவதற்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கொடியில் போடும்முன் இரண்டு உதறு உதறுங்கள். துவாய்க்குக் கஞ்சி போட வேண்டாம்.

புதிய பருத்தித் துவாய் முதல் நாளில் ஈரத்தை எடுக்காவிட்டாலும் பயப்படாதீர்கள். கடையில் மினுக்கத்துக்காகப் பூசிய பூச்சு இரண்டு மூன்று தோய்ச்சலில் போய்விடும்.

மைக்ரோபைபரைத் தோய்க்கும்போது

மைக்ரோபைபரைக் கெடுப்பவை நான்கு. முதலாவது, துணியை மென்மையாக்கும் திரவம். அது நுண்ணிய இடைவெளிகளை அடைத்துவிடும். இரண்டாவது, கொதிதண்ணீரும் அயன் சூடும். லேபிளில் எழுதியுள்ள சூட்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது, குளோரின் கலந்த வெளுப்பு மருந்து. நான்காவது, பருத்தி உடுப்புகளுடன் சேர்த்துத் தோய்ப்பது. பருத்தியின் பஞ்சு முழுவதையும் அது இழுத்து ஒட்டிக்கொள்ளும். தனி வாளியில், கொஞ்சச் சலவைத் தூளில் தோய்த்து நிழலில் காயப்போடுங்கள்.

இங்கேதான் பருத்தியின் பெரிய நன்மை தெரிகிறது. வீட்டில் சிரங்கு வந்தால் பாவித்த துவாயையும் படுக்கை விரிப்பையும் கொதிதண்ணீரில் ஊறவைத்துத் தோய்த்துக் கடும் வெயிலில் காயவைக்கச் சொல்வார்கள். பருத்தி அதைத் தாங்கும். கொதிக்க வைக்க முடியாத துணிகளை ஒரு பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்தால் சிரங்குப் பூச்சி செத்துவிடும். அது மனிதத் தோலை விட்டு நீண்ட நாள் உயிர் வாழாது.

பருத்தித் துவாய்க்கு இரண்டாவது வாழ்க்கையும் உண்டு. கிழிந்தால் குழந்தைத் துணியாகும், மாதவிடாய்த் துணியாகும், பிறகு கால்மிதியாகும், கடைசியில் மண்ணோடு மண்ணாகும். மாதவிடாய்க்குப் பாவிப்பதைத் தனியாக வைத்து, சவர்க்காரத்தில் தோய்த்து, வெயிலிலேயே காயப்போடுங்கள். வெட்கப்பட்டு இருட்டில் ஒளித்துக் காயவைப்பதுதான் நோய்க்கு வழி. மைக்ரோபைபரோ மண்ணில் மக்காது. ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் இழைகள் அதிலிருந்து கழன்று போகின்றன. அந்தத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் தள்ளிக் கொண்டுபோய் ஊற்றுங்கள். பழையதை எரிக்கவும் வேண்டாம். பருத்திச் செடிக்கும் தண்ணீரும் கிருமிநாசினியும் நிறையச் செலவாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எதுவானாலும் அளவாக வாங்கி நீண்ட நாள் பாவிப்பதே நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நிறையைப் பாருங்கள். 70 சென்ரிமீற்றர் அகலமும் 140 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துவாய் கிட்டத்தட்ட ஒரு சதுர மீற்றர். அதன் நிறை 300 முதல் 400 கிராம் வரை இருந்தால் மெல்லியது, விரைவில் காயும். 600 கிராமுக்கு மேற்பட்டால் மொத்தமானது. கடையில் மனத்துக்குப் பிடிக்கும், மாரியில் காயாது. எமது வீடுகளுக்கு மெல்லியதே பொருத்தம்.

2. நூலைச் சோதியுங்கள். “நூறு வீதம் பருத்தி” என்று எழுதியதெல்லாம் பருத்தியல்ல. ஓரத்தில் தொங்கும் ஒரு நூலை எடுத்து, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத இடத்தில், குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் கடதாசி எரியும் மணம் வரும், மெல்லிய சாம்பல் மிஞ்சும். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியான மணிபோல் இறுகும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும்.

3. கைத்தறியை மறக்காதீர்கள். கிழக்கில் மருதமுனை போன்ற ஊர்களில் இன்றும் கைத்தறி நெசவு நடக்கிறது. கைத்தறியில் நெய்த மெல்லிய பருத்தித் துண்டு மொத்தத் துவாயைவிட விரைவாகக் காயும், மைக்ரோபைபரைவிடத் தோலுக்கு இதமானது. இரண்டு பக்கச் சண்டைக்கும் இது ஒரு நல்ல தீர்ப்பு.

4. தவணையைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, வாரம் 250 ரூபா வீதம் 16 வாரம் என்றால் 4,000 ரூபா. அதே கட்டைச் சந்தையில் கைக்காசுக்கு 2,800 ரூபாவுக்கு வாங்க முடியுமானால், மிகுதி 1,200 ரூபா துவாய்க்குக் கொடுத்ததல்ல, வட்டிக்குக் கொடுத்தது. அந்தக் காசுக்கு இன்னும் எத்தனை துவாய் வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள். தேவையற்ற ஆறுக்குப் பதிலாகத் தேவையான இரண்டை வாங்குவது குறையல்ல.

அக்காவின் தீர்மானம்

ஆடி மாதக் கூட்டத்தில் அதுவரை அறிந்தவற்றைச் சொன்னேன். இரண்டு கோப்பைத் தண்ணீரும் இரண்டு துவாயும் கொண்டுபோய் எல்லோரும் தொட்டுப் பார்க்கச் செய்தேன். தவணைக் கணக்கைச் சொன்னபோது ஒரு வயதான அம்மா சொன்னார்: “முந்தி நுண்கடன் எண்டு கொண்டு வந்தாங்கள். இப்ப நுண்ணிழை எண்டு கொண்டு வாறாங்கள். ‘நுண்’ எண்டு தொடங்கிற சாமான் எல்லாம் வாசலுக்கு வரேக்க சின்னனாத்தான் இருக்கும், பிள்ளை.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் வலியும் இருந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் நிவாரணத்தை அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு எமது பெண்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள்.

கால் முனையில் புண் ஆறி, அந்த அக்கா அன்று செயற்கைக் காலுடன் வந்திருந்தார். “நான் தேய்க்கிறதை விட்டிட்டன்” என்றார். பழைய பருத்திச் சீலை ஒன்றை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, காலுக்கென்று மூன்று துண்டுகள் செய்திருக்கிறார். ஒன்று பாவனையில், ஒன்று கொடியில், ஒன்று மடித்து வைத்தபடி. ஆறு மைக்ரோபைபரையும் அவர் எறியவில்லை. இரண்டு மகளின் தலைக்கு, இரண்டு வீடு துடைக்க. பிரிக்காத இரண்டை அயலில் உள்ள ஒருவருக்கு வாங்கிய விலைக்கே கொடுத்து, மிகுதித் தவணையை ஒரேயடியாகக் கட்டி முடித்துவிட்டார்.

வியாபாரி அடுத்த முறை வந்தபோது புதிய கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினாராம். “எனக்குத் தேவையான துணியை நானே தெரிவு செய்வன், தம்பி. கைக்காசு இருக்கேக்க வாங்கிறன்” என்று சொல்லி அனுப்பினேன் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் மறக்கமாட்டேன்.

சகோதரிகளே, பல வருடங்கள் நாம் பிறர் தந்ததை வாங்கிக்கொண்டு வாழ்ந்தோம். தந்த அரிசி, தந்த பாய், தந்த துவாய். அது அன்றைய நிலை. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தருவதை வாங்கிப் பழகிய கை, “இது எனக்குப் பொருந்துமா?” என்று கேட்க மறந்துவிடும். அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்கத் தொடங்குவதும் மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதிதான். துவாயில் தொடங்கினால் கடனிலும், வேலையிலும், பிள்ளைகளின் எதிர்காலத்திலும் கேட்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், உடம்புக்கு மெல்லிய பருத்தி, ஆளுக்கொன்று. காயத்துக்கும் தழும்புக்கும் கொதிக்க வைக்கக்கூடிய மிருதுவான பருத்தி, ஒற்றி மட்டும். தலைக்கும் தூசிக்கும் வசதியிருந்தால் ஒன்றிரண்டு மைக்ரோபைபர். அடுப்படிக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதற் சம்பளத்தில் நான் வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பருத்தித் துவாய் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அவற்றை ஒரு நாள் முழுவதும் பாவிக்கவில்லை. அடுத்தநாட் காலையில் பார்த்தால் ஒவ்வொன்றின் மூலையிலும் பழைய நிறத்திலேயே நூல் தைத்திருந்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். ஐந்தாவதின் மூலையில் வெள்ளை நூல். “இது என்ர” என்றார்.